பிள்ளைகள் புறப்பட்ட வீடு

ஆனி மாதம் பிறந்தால் குமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக ஒரு புறப்பாடு நடக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கல்லூரிக்குப் போகும். படிப்பு முடிந்த பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போகும். அதற்கு மூத்தது ஏற்கெனவே துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும். பெண் பிள்ளை என்றால் கல்யாணம் முடிந்து வேறொரு வீட்டில் விளக்கேற்றப் போயிருக்கும். கடைசிப் பிள்ளையும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால், இருபது இருபத்தைந்து வருஷம் சத்தமும் சண்டையும் சிரிப்புமாக இருந்த வீட்டில் இரண்டே பேர் மிச்சம். சில வீடுகளில் ஒருவர் மட்டும்.

இதைத் துக்கம் என்று ஊரில் யாரும் சொல்லுவதில்லை. துட்டி வீடு என்றால் நாலு பேர் வந்து திண்ணையில் இருப்பார்கள், ஆறுதல் சொல்லுவார்கள். பிள்ளை வேலைக்குப் போன வீட்டுக்கு யார் ஆறுதல் சொல்ல வருவார்? “உனக்கென்ன, பிள்ளைகளை எல்லாம் கரையேற்றிவிட்டாய்” என்றுதான் சொல்லுவார்கள். ஆகவே அந்தத் தாய் தன் அழுகையை அடுக்களைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொள்கிறது: அய்யா இவ்வளவு தந்திருக்கும்போது அழுவது நன்றி கெட்டதனம் ஆகிவிடுமோ என்று. தாங்கலுக்கு வந்தால் யாராவது பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள், கண் கலங்கிவிடும் என்று வராமலே இருந்துவிடுகிற தாய்மாரும் உண்டு. உகப்படிப்புக்கு முதல் ஆளாக வந்தவர்களின் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பதைப் பணிவிடைக்காரர்கள் அறிவார்கள்.

இந்தத் தாய்மாருக்கு ஆறுதல் தேடி அன்புக்கொடி மக்கள் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. அய்யாவின் வரலாற்றில், அய்யா வைகுண்டராக வெளிப்பட்ட அந்த முதல் நாழிகையிலேயே, பிள்ளையைப் பிரிந்த தாய் ஒருவர் கடற்கரையில் நிற்கிறார்.

கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம். நோயுற்றுக் கிடந்த மகனைச் சுமந்துகொண்டு உறவினர்களோடு திருச்செந்தூருக்குப் போனார் வெயிலாள் அம்மையார். மகன் பிழைத்தால் போதும் என்பது அவருடைய ஒரே வேண்டுதல். அங்கே மகன் கடலுக்குள் இறங்கினார், திரும்பவில்லை. உடன் வந்தவர்கள் கடல் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தார்கள். தாய் மனம் அதை ஏற்கவில்லை. மூன்றாம் நாள், மாசி 20ஆம் தேதி, ஆங்கிலக் கணக்கில் 1833ஆம் ஆண்டு, அய்யா கடலிலிருந்து எழுந்து வந்தார். நோய் இல்லை, தளர்ச்சி இல்லை. தாய் ஓடிப்போய் அணைக்கப் போனார். அப்போது அய்யா, இதுவரை உனக்குப் பிள்ளையாக இருந்தேன், இனி நாராயணர் பெற்ற வைகுண்டராக உலகத்துக்கு வந்திருக்கிறேன் என்ற பொருள்பட அந்தத் தாயிடம் சொல்லிவிட்டுத் தெச்சணம் நோக்கி நடந்தார்.

திருஏடு வாசிப்பில் இந்த இடத்தை எத்தனையோ தடவை கேட்டிருப்போம். அவதாரத்தின் மகிமையில் மனம் லயித்துப் போவதால் அந்தத் தாயை அதிகம் நினைப்பதில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும். மகன் எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்டார். மகன் எழுந்தார், நடந்தார். நடந்தது தாயின் வீட்டைப் பார்த்து அல்ல. கேட்ட வரம் கிடைத்ததும் கையிலிருந்த பிள்ளை போனதும் ஒரே நிமிஷத்தில், ஒரே மணலில் நடந்தன.

ஊர்தோறும் இருக்கிற தாய்மாரும் இதைத்தானே கேட்டார்கள்? பிள்ளை பத்தாம் வகுப்பு தேற வேண்டும் என்று தாங்கல் வாசலில் நின்றார்கள். நல்ல கல்லூரி கிடைக்க வேண்டும் என்று முத்திரிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது கேட்டார்கள். பிறகு வேலை கேட்டார்கள், நல்ல இடத்தில் சம்பந்தம் கேட்டார்கள். ஒவ்வொன்றாகக் கிடைத்தது. கிடைத்த ஒவ்வொன்றும் பிள்ளையை வாசலை நோக்கி ஓர் அடி நகர்த்தியது. கடைசியில் பிள்ளை படியிறங்கிப் போனது என்றால், வருஷக்கணக்காகக் கேட்டதற்கு அய்யா பதில் தந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். பதில் இந்த உருவத்தில் வரும் என்று கேட்கும்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அழக்கூடாது என்று சொல்லுகிறவர்கள் அகிலத்திரட்டைக் கவனமாகக் கேட்காதவர்களாக இருக்க வேண்டும். ஏழு கன்னியர் தாங்கள் பெற்ற ஏழு பிள்ளைகளையும் விட்டுத் தவத்துக்குப் போனதும், அந்தப் பிள்ளைகள் பத்திரகாளியின் பொறுப்பில் வளர்ந்ததும் சான்றோர் குலத்தின் வரலாறு. இந்த மக்களின் தொடக்கமே தாயும் பிள்ளையும் பிரிந்த இடத்தில்தான் இருக்கிறது. தாய்மாரின் புலம்பலுக்கு அம்மானை தாராளமாக இடம் தருகிறது. திருக்கல்யாண வாசிப்பு அன்று தாய்மார் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கலாம். அந்தக் கண்ணீரில் நன்றியும் உண்டு, பிரிவும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுத்து ஒன்றை மட்டும் கொண்டுவா என்று அய்யா கேட்கவில்லை.

இனி அந்த வீட்டுக்குள் போவோம். பிள்ளையின் அறைக் கதவைத் திறந்தால் கட்டில் இருக்கிறது, பழைய புத்தகம் இருக்கிறது, சுவரில் ஒட்டிய கிரிக்கெட் படம் இருக்கிறது. ஆள் இல்லை. வெறுமை என்று மனம் சொல்லுகிறது.

வேறு வழிபாட்டிலிருந்து புதிதாக ஒருவர் தாங்கலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியறையைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்பதும் இதைத்தான்: உள்ளே ஒன்றும் இல்லையே, சாமி எங்கே? சிலை கிடையாது. தீபாராதனைத் தட்டு கிடையாது. விளக்கு எரிகிறது, நடுவே கண்ணாடி இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாமம் தரித்து நிற்கிறவருக்குத் தெரிவது அவருடைய சொந்த முகம். அய்யா உள்ளுக்குள் இருக்கிறார் என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. ஒன்றும் இல்லாததுபோலத் தெரிகிற அறைக்கு முன்னால் நின்று அங்கே அய்யா நிறைந்திருக்கிறார் என்று கும்பிட, இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் வீட்டு அறை ஒன்று காலியானதும் அங்கே யாருமே இல்லை என்று நடுங்கலாமா?

கண்ணாடியில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்த காலம் முழுவதும் ஒரு தாய் பள்ளியறைக் கண்ணாடியில் தன் முகத்தை நிதானமாகப் பார்த்திருக்க மாட்டாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஒன்று ஓடும், ஒன்று அழும். கும்பிட்டோம் இனிமம் வாங்கினோம் என்று திரும்பியிருப்பாள். இப்போதுதான் முதல் தடவையாக, தொந்தரவு இல்லாமல், அந்த முகத்துக்கு முன்னால் நிற்க நேரம் கிடைத்திருக்கிறது. நரைத்த முடி தெரிகிறது. நெற்றியில் திருநாமம் தெரிகிறது. அய்யாவுக்கு அந்த முகமும் ஒரு பிள்ளையின் முகம்தான். தாய் ஆனதால் அவள் மகள் இல்லாமல் போய்விடவில்லை.

அன்றாடத்தின் சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கு நன்றி சொல்லு என்று உபதேசிப்பது எளிது. கிணற்றுத் தண்ணீருக்கா, தோளில் கிடக்கும் துண்டுக்கா, கருப்பட்டிக் காப்பிக்கா நன்றி சொல்லுவது என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். ஆனால் அய்யா வழி மக்கள் கேட்கும்போது தங்கள் முன்னோரை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அய்யா அவதரித்த காலத்துத் திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைத்தவனுக்கு ஏணிக்காணம், தளைக்காணம் என்று ஏணிக்கும் தளைக்கும்கூட வரி. உயிரோடு இருப்பதற்குத் தலைவரி. கூலி இல்லாத ஊழியத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போவார்கள். பெண்கள் மேலாடை அணிய உரிமை கேட்டுப் பட்ட அடியும் அவமானமும் கொஞ்சமல்ல. அரசு பிரகடனம் போட்டு இறங்கிவந்தது 1859இல்தான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்க முடியாதவர்களைத்தான் தலைப்பாகை கட்டிக்கொண்டு பள்ளியறை முன் வரச் சொன்னார் அய்யா. ஒரே கிணற்றில் நீர் குடிக்க முடியாதவர்களை முத்திரிக்கிணற்றுக்கு அழைத்தார்.

இன்று சின்னது என்று நினைப்பதெல்லாம் அன்று பெரிது. அதிகாலையில் எழுந்து யாரையும் கேட்காமல் தண்ணீர் இறைப்பது, நல்ல சேலை உடுத்தித் தெருவில் நடப்பது, பனையிலிருந்து இறக்கிய பதநீரைத் தன் வீட்டுக் கருப்பட்டியாக்கித் தன் அடுக்களையில் வைத்துக்கொள்வது. அந்தக் காலத்தில் மகன் வீட்டை விட்டுப் போனான் என்றால் பெரும்பாலும் யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள் என்று பொருள். சாயந்தரம் திரும்புவானா என்று தெரியாமல் வாசலில் நின்ற தாய்மார் இருந்தார்கள். இன்று மகன் தன் விருப்பத்தில், தன் பெயரில் முன்பதிவு செய்த சீட்டோடு, தோளில் பையோடு போகிறான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறான். பிரிவு பிரிவுதான், வலியும் வலிதான். ஆனாலும் பாட்டனின் தாய் இந்தப் பிரிவைப் பார்த்திருந்தால் அதை வரம் என்றே எண்ணியிருப்பாள்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெயரும் ஊரும் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிறாள். மூன்று உழக்கு அரிசி அளந்து போட்டே பழகிய கை அவளுடையது. கடைசி மகன் போன பிறகும் கை மூன்று உழக்கே அளந்தது. இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் கணவர் அந்தப் பழஞ்சோற்றை ஒரு பச்சைமிளகாயோடு சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். அவர் எதுவும் சொல்லாதது அவளுக்குக் கோபமாக வந்தது. பிள்ளை போனது இந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லையா என்று நினைத்தாள். தினமும் பழையதைத் தின்பதே அவருடைய துக்கம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. புதிதாகக் காப்பி கேட்டால், சோறு மிஞ்சியதை அவள் கவனித்து மனம் நோவாள் என்று அவர் அப்படிச் செய்தார்.

மகனுக்குப் போன் பேசும்போது அவள் கேள்வியாகக் கேட்பாள். “மக்களே, சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? ஏன் நேத்து எடுக்கல?” கடைசியில் அழுகை. மகனின் பதில் நாளுக்கு நாள் சுருங்கியது. பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆனது. பிள்ளை பாசமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. அம்மையின் அழுகையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்ப் படுக்க அவனால் முடியவில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பலர் இப்படித்தான் போனைக் கண்டு தயங்குகிறார்கள். அதைத் தாய்மாரிடம் சொல்லவும் அவர்களால் முடியாது.

இந்தத் தாய் அரிசி அளவைக் குறைக்கவில்லை. குறைத்தால் மகனைக் கணக்கிலிருந்து நீக்கியதுபோல அவளுக்குத் தோன்றியது. மூன்றாவது உழக்கை மட்டும் தனியே ஒரு தகரப் பாத்திரத்தில் போட்டுவைக்கத் தொடங்கினாள். சனிக்கிழமை சாயந்தரம் அதைத் தாங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் விளம்பியபோது, பந்தியில் யாரோ ஒரு வீட்டுப் பையன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். மகனுக்கு அளந்த அரிசி அது. அவள் வேறு எதுவும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அய்யா காணிக்கை வேண்டாம் என்றவர். ஆகவே நன்றியைப் பணமாக எண்ணிவைத்துக் கடன் கழித்துவிட்டு வர இந்த வழியில் இடமில்லை. நன்றி தர்மமாக மாறினால்தான் அது அய்யாவிடம் போய்ச் சேருகிறது. பிள்ளைக்கென்று சுரந்து, இப்போது கொடுக்க ஆளில்லாமல் நெஞ்சில் கட்டிக்கொண்டு வலிக்கிற அன்புக்கும் இதுவே வடிகால். அந்த அன்பை அடக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் அம்மை வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்புகிற ஒரு குழந்தை இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அதைக் கூப்பிட்டு நெற்றியில் நாமம் இட்டு ஒரு பழத்தைக் கொடுக்கலாம். ஆள் துணை இல்லாத ஒரு கிழவி தெருக்கோடியில் இருப்பாள். கருப்பட்டிக் காப்பியை இரண்டு டம்ளராகப் போடலாம்.

துவையல் தவசுக்குப் போன எழுநூறு குடும்பங்களையும் இங்கே நினைக்கலாம். வீடு வாசலை விட்டுக் கடற்கரைக்குப் போய்ப் பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்து உண்டு, துவைத்து, குளித்து, அய்யாவை நினைத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தது மிகக் கொஞ்சம். அன்றைக்குக் கிடைத்ததை அன்றைக்கு ஏற்றுக்கொண்டார்கள். தாங்கலில் இனிமம் வாங்குகிறபோது இரண்டு கையையும் நீட்டி, எவ்வளவு விழுகிறதோ அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, யாரும் அளவு பார்ப்பதில்லை. ஒரு பிச்சிப்பூ விழுந்தாலும் இனிமம், ஒரு துண்டு வாழைப்பழம் விழுந்தாலும் இனிமம். ஒரு நாளை அப்படி வாங்கப் பழகினால் ஆடிச் சாரலும் அன்றைய இனிமம்தான். முருங்கை பூத்ததும், நெடுநாளாகப் பேசாத நாத்தனார் தெருவில் நின்று நலம் விசாரித்ததும், கணவர் தலைப்பாகை கட்டும்போது பின்புறச் சுருக்கைச் சரிசெய்யக் கூப்பிட்டதும் அப்படியே. இருபது வருஷமாக அவர் தானே கட்டிக்கொண்டார். கூப்பிட்டாலும் அவளுக்குக் கை ஒழிந்திருக்காது.

தகப்பன்மாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. தாய் அழுதாவது தீர்க்கிறாள். தகப்பன் பெரும்பாலும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறான், அல்லது வேலை முடிந்தும் முக்கில் நின்று பொழுது போக்கிவிட்டு நேரங்கழித்து வருகிறான். வீட்டில் இரண்டே பேர் என்றான பிறகு, பேசுவதற்குப் பிள்ளைகளைத் தவிர வேறு சங்கதி இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. பல தம்பதிகளுக்கு இதுதான் உண்மையான சோதனை. பிள்ளைகளை வளர்த்த காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறந்துபோனார்கள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து உகப்படிப்புக்கு வந்தால் போகவர அரைமணி நேரமாவது பேச்சு வரும். முதல் வாரம் வராது. அதைக் கண்டு விட்டுவிடக் கூடாது.

அந்தத் தாய் ஒருநாள் போனில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. “மக்களே, நம்ம பிச்சி இன்னைக்கு ஒரு கை பூத்துச்சு. அய்யாவுக்குக் கொண்டு குடுத்தேன். அப்பா பறிச்சுத் தந்தாங்க” என்றாள். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “போட்டோ அனுப்பும்மா” என்றான். அதற்குப் பிறகு அவனாகவே, இங்கே ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றும், புது இடத்தில் யாரோடும் ஒட்டவில்லை என்றும் சொன்னான். ஒரு மாதமாகச் சொல்லாததை அன்றுதான் சொன்னான். அவள் அழவில்லை என்றில்லை. போனை வைத்த பிறகு அழுதாள். பேசும்போது, “ராத்திரி படுக்கதுக்கு முன்ன நாமம் வச்சுட்டு, இன்னைக்குக் கிடைச்ச நல்லது ஒண்ணை அய்யாட்ட சொல்லு மக்களே. நானும் இங்க சொல்லுதேன்” என்றாள்.

கார்த்திகையில் தாங்கல்தோறும் திருஏடு வாசிப்பு தொடங்கும்போது பந்தல் கட்ட, பாத்திரம் கழுவ, காய் நறுக்க, சோறு விளம்ப எப்போதும் ஆள் குறைவு. இளையவர்கள் ஊரில் இல்லை. பிள்ளைகள் புறப்பட்ட வீடுகளில் இருக்கும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் அந்த நாட்களில் வேலை உண்டு. உச்சிக்கு முன்பே அரிசி களைய வேண்டியிருக்கும். கொஞ்சம் முன்னதாகவே வரலாம்.

அய்யா உண்டு.